ரம்பமேசை மோட்டாருக்குள் போன தூசி

நேற்று மாலை ரம்பமேசை மறுபடியும் ஓடியது. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஒரு முக்கு முக்கிக் கிளம்பியது, வேகம் பிடித்த நொடியில் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரே சீரான இரைச்சல். இந்த ‘டிக்’கை மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்பதைப் போன வாரம்தான் கண்ணால் பார்த்தேன். பத்து நாள் இந்த மெஷின் நின்றுபோனதற்குக் காரணம் அதைச் சுத்தம் செய்த விதம். கம்ப்ரஸர் காற்றில் பட்டறையை ஊதிச் சுத்தம் செய்ய நினைக்கிற யாருக்காவது உதவும் என்பதால், தப்பாகச் செய்ததையும் சேர்த்து வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பட்டறை பெரிதில்லை. 12-க்கு 18 அடி. கூரையில் நான்கு எல்இடி ட்யூப் லைட்டுகள், ஒவ்வொன்றுக்கும் அக்ரிலிக் மூடி. கீழே ஒன்றரை எச்பி மோட்டார் வைத்த ரம்பமேசை, மரத்தை இழைக்கும் ஒரு பிளேனர், ஒரு டிரில் மெஷின், வேலை மேசை. ஓரத்தில் 50 லிட்டர் டேங்க் வைத்த 2 எச்பி கம்ப்ரஸர்.

எல்லாம் வெளிச்சத்தில்தான் ஆரம்பித்தது. மாலையில் பென்சில் கோடு சரியாகத் தெரியவில்லை. லைட்டுகளுக்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். மாற்றுவதற்கு முன்னால் போனில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் செயலியை வைத்து வேலை மேசைமேல் பார்த்தேன்: 190. போன் காட்டும் எண் துல்லியமானதில்லை. ஆனால் அதே போனை, அதே இடத்தில், இருட்டிய பிறகு வைத்துப் பார்த்தால் முன்னைக்கும் பின்னைக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். அப்புறம் ஏணி போட்டு ஏறினேன். லைட் பட்டியின் மேல்பக்கம் மரத்தூள் மெத்தை மாதிரி படிந்திருந்தது. ஸ்டீல் ஸ்கேலைக் குத்தி அளந்தால் 3 மி.மீ. மூடியின் உள்பக்கத்திலும் மாவு தடவியது போல ஒரு படலம். லைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சம்தான் வெளியே வரவில்லை.

சரி, ஊதிவிடலாம் என்று ஏர் கன்னை எடுத்தேன். இங்கிருந்துதான் தப்புகள்.

முதல் தப்பு அழுத்தம். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தொடவே இல்லை, டேங்கில் இருந்த 7 பார் அப்படியே கன்னுக்கு வந்தது. என் கன்னின் துளை 2 மி.மீ. அந்த அழுத்தத்தில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 லிட்டர் காற்றைக் குடிக்கும். என் கம்ப்ரஸர் தருவதோ 170 லிட்டர். அதனால் மெஷின் நிற்காமல் ஓடி, சூடேறி, காற்று ஆறித் தண்ணீரை டேங்கில் விடுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. போதாததற்கு டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து பல வாரம் ஆகியிருந்தது. இரண்டாவது லைட்டுக்கு வந்தபோது கன்னிலிருந்து காற்றோடு தண்ணீர்ப் பொட்டுகளும் தெறித்தன. அக்ரிலிக் மூடியில் மரத்தூள் சேறாகி, காய்ந்து, புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டது. வேலையை நிறுத்தி அடி வால்வைத் திறந்தேன். துரு கலந்த தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு வந்தது.

இரண்டாவது தப்பு வரிசை. மெஷின்களை முதலில் ஊதி முடித்துவிட்டு லைட்டுக்குப் போனேன். மேலே இருந்ததெல்லாம் சுத்தமான மெஷின்மேல் விழுந்தது. மறுபடி மெஷினை ஊதினேன். அது எழும்பி லைட்டுக்குப் போனது. ஒரு கட்டத்தில் அறைக்குள் எதிர்ச் சுவர் மங்கலாகத் தெரிந்தது. என்95 மாஸ்க் போட்டிருந்தேன், கண்ணுக்கு வெறும் கண்ணாடிதான். பக்கவாட்டில் தூள் போய் இரண்டு நாள் கண் உறுத்தியது.

அந்த மங்கலை இப்போது நினைத்தாலும் மனம் பதறுகிறது. மரத்தூள் படிந்து கிடக்கும்போது சும்மா கிடக்கும். காற்றில் மேகமாக எழும்பினால் ஒரு தீப்பொறிக்கு வெடிக்கக்கூடியது. எரியும் தூசிகளுக்கான அமெரிக்கத் தரமாக இருந்த என்எஃப்பிஏ 654, தூசிப் படலத்துக்கு எச்சரிக்கை அளவாக எடுத்துக்கொண்டது 1/32 அங்குலம், அதாவது 0.8 மி.மீ. ஒரு பேப்பர் கிளிப் கம்பியின் தடிமன். என் லைட்டுமேல் கிடந்தது அதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அதைத்தான் 7 பாரில் காற்றில் கிளப்பினேன், லைட்டுகள் எரிந்துகொண்டிருக்க, கம்ப்ரஸர் மோட்டார் அதே அறையில் ஓடிக்கொண்டிருக்க. உடம்புக்கும் அது நல்லதில்லை. மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் கொண்ட முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

அன்று இரவு ஒரு கறுப்பு அட்டையை ரம்பமேசைமேல் வைத்துவிட்டுப் போனேன். காலையில் அதில் விரலால் என் பெயரை எழுத முடிந்தது. நான் எதையும் வெளியேற்றவில்லை, இடம் மாற்றியிருக்கிறேன் என்பது அந்த அட்டையைப் பார்த்ததும் புரிந்தது. லக்ஸ் 190-லிருந்து 240-க்கு ஏறியிருந்தது. இரண்டு நாளில் 215-க்கு இறங்கிவிட்டது.

மூன்றாவது தப்புதான் பெரியது. ரம்பமேசையின் அடியில் புகுந்து மோட்டாரையும் ஊதியிருந்தேன். இந்த மோட்டார் முழுதும் மூடியது இல்லை. இரண்டு முனையிலும் காற்று போகப் பிளவுகள் உள்ள திறந்த வகை. பிளவில் கன்னை வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஃபேன் விசில் மாதிரி சுற்றியது. மறுபக்கம் தூள் புகையாக வந்தது. நன்றாகச் சுத்தமாகிறது என்று இன்னும் கொஞ்சம் ஊதினேன். வெளியே வந்த தூளை மட்டும் பார்த்தேன், உள்ளே போனதை நினைக்கவில்லை.

மறுநாள் சுவிட்சைப் போட்டால் ‘உம்ம்ம்’ என்று ஒரு முனகல். பிளேடு அசையவில்லை. இரண்டு விநாடியில் அணைத்துவிட்டேன். சுற்றாமல் முனகும் மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கும், விட்டுவைத்தால் வைண்டிங் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கருகும்.

மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர்தான் போயிருக்கும் என்று எனக்கு ஒரே உறுதி. முனகல் என்றால் கெபாசிட்டர் என்று எல்லாரும் சொல்வார்களே. பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு குண்டு பல்பை வைத்து மிச்ச மின்சாரத்தை இறக்கி, மீட்டரில் சுழியம் காட்டிய பிறகே கழற்றினேன். அதே அளவில் புதிதாக ஒன்று போட்டேன். அதே ‘உம்ம்ம்’. பழையதை மீட்டரில் அளந்து பார்த்திருந்தால் அது நன்றாக இருப்பது தெரிந்திருக்கும். அளந்தது மாற்றிய பிறகுதான். ஒரு கெபாசிட்டர் வீண், அரை நாளும் வீண்.

அப்புறம் மோட்டார் கட்டும் அண்ணன் ஒருவருக்குப் போன் செய்தேன். நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தினார்.

“தம்பி, பெல்ட்டைக் கழட்டிட்டு புல்லியைக் கையால சுத்திவிடு. கையை எடுத்துட்டு சுவிட்சைப் போடு. ஓடுதா பாரு.”

ஓடியது.

“மோட்டாரை காத்து வெச்சு ஊதினியா?”

“ஆமாண்ணே.”

“அப்ப வைண்டிங் நல்லாத்தான் இருக்கு. பின்பக்க கவரைக் கழட்டு, உள்ள சுவிட்ச் இருக்கும். அதுல தூள் மாட்டியிருக்கும்.”

அவர் சொன்ன சுவிட்ச், சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச். கெபாசிட்டர் வைத்துக் கிளம்பும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்கு இதன் வழியாகத்தான் மின்சாரம் போகும். மோட்டார் நிற்கும்போது இதன் இரண்டு பாயிண்டுகளும் (மின் தொடர்பு முனைகள்) ஒட்டியிருக்க வேண்டும். முழு வேகத்தில் முக்கால் பங்கு வந்ததும் ஷாஃப்டில் உள்ள எடைகள் விரிந்து பாயிண்டைப் பிரித்துவிடும். நான் கேட்டுக்கொண்டிருந்த ‘டிக்’ இதுதான். நிற்கும்போதே பாயிண்டுகளுக்கு நடுவே ஏதாவது புகுந்துவிட்டால் கிளம்புவதற்கான வைண்டிங்குக்கு மின்சாரமே வராது. ஓடுவதற்கான வைண்டிங் மட்டும் தனியாக முனகும்.

மோட்டாரைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். கவருக்கும் உடலுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன், திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் வருவதற்காக. நான்கு நீள போல்ட்டுகள். கழற்றிய பிறகு மரச்சுத்தியால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் கவர் நெகிழ்ந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினால் விளிம்பு உடையும். கவர் கையோடு வந்தபோது பேரிங் இருக்கும் குழியிலிருந்து அலை அலையாக வளைந்த ஒரு மெல்லிய வாஷர் விழுந்து உருண்டு போனது. அதைத் தேடவே இருபது நிமிடம். அடுத்த முறை கீழே ஒரு தட்டு வைத்துவிட்டுத்தான் கவரை இழுப்பேன்.

சுவிட்ச் தகடு கவரின் உள்பக்கம் இருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு செப்புப் பாயிண்டுகள், நடுவே அரிசியில் பாதி அளவுக்கு ஒரு பழுப்புக் கட்டி. வெறும் தூள் இல்லை. மரப்பிசினும் பேரிங் கிரீஸும் சேர்ந்து இறுகிய, நெய்த துணி போன்ற கட்டி. மீட்டரை வைத்தால் தொடர்பே இல்லை. சாமணத்தால் பிடித்து இழுத்ததும் நார் நாராகப் பிரிந்தது. அந்தக் கட்டியின் ஒரு பக்கம் பாயிண்டின் வட்ட அச்சு அப்படியே பதிந்திருந்தது. இந்தச் சின்னக் கட்டிதான் ஒன்றரை எச்பி மோட்டாரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

பாயிண்டுகளின் முகம் கறுத்து லேசாகக் குழி விழுந்திருந்தது. 600 நம்பர் உப்புத்தாளை விரல் அகலத்துக்கு வெட்டி நடுவே விட்டு, ஒவ்வொரு பக்கமும் மூன்றே இழுப்பு. அதிகம் தேய்த்தால் பாயிண்ட் தேய்ந்து போகும். பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைக் கெட்டித் தாளை நடுவே விட்டு இழுத்தேன், தாளில் கறுப்புக் கோடு விழாத வரைக்கும். ஏழாவது தாள் வெள்ளையாகவே வந்தது. மீட்டர் 0.3 ஓம் காட்டியது; அதன் வயர்களை ஒன்றோடொன்று முட்டவைத்தாலே அவ்வளவு காட்டும். எடைகள் விரியும் இடத்தைக் கையால் தள்ளிப் பார்த்தேன்: ‘டிக்’. விட்டால் மறுபடி ‘டிக்’.

வைண்டிங் இடுக்குகளில் இருந்த தூளை மென்மையான பெயிண்ட் பிரஷால் கிளறி, வேக்குவம் குழாயால் உறிஞ்சினேன். மிச்சத்துக்கு மட்டும் 1 பாருக்கும் குறைவான காற்று, உள்ளேயிருந்து வெளியே போகும் திசையில். இரண்டு பேரிங்குகளில் பின்பக்கத்தது விரலால் சுற்றினால் நறநறவென்றது. அது 6203 என்ற எண் உள்ள பேரிங், தகர மூடி வைத்தது. தகர மூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. தூள் தானாகப் போகாவிட்டாலும் 7 பார் காற்று உள்ளே தள்ளிவிடும். அதை வெறும் காற்றில் கண்டபடி சுற்றவிட்டதும் சேர்ந்திருக்கும். அதே 17-க்கு 40-க்கு 12 மி.மீ. அளவில் ரப்பர் சீல் வைத்த 6203 டூஆர்எஸ் போட்டேன். கழற்றியதிலிருந்து பூட்டி முடிக்கும் வரை கைவேலை மட்டும் மூன்றே கால் மணி நேரம். நேற்று மாலை கேட்ட அந்த ‘டிக்’ இந்த வேலைக்குப் பிறகுதான்.

மோட்டார் மேசைமேல் கிடந்த நாட்களிலேயே பட்டறையை மறுபடி முதலிலிருந்து சுத்தம் செய்தேன். இந்த முறை கன்னை எடுத்தது கடைசியில்.

முதலில் டேங்க் வால்வைத் திறந்து தண்ணீரை இறக்கினேன். கம்ப்ரஸரையே வாசலுக்கு வெளியே உருட்டிவிட்டு, ஹோஸை மட்டும் உள்ளே கொண்டுவந்தேன். ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் ஒன்று மாட்டினேன். ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும்படி ஃபேன், எதிர்ப்பக்கம் கதவு திறப்பு. கண்ணை முழுதும் மூடும் காகிள்ஸ், மாஸ்க், காதுக்கு மூடி. ஏர் கன் சத்தத்துக்குக் காது மூடி கட்டாயம் வேண்டும்.

அழுத்தத்துக்கு அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: சுத்தம் செய்யும் காற்று 30 பிஎஸ்ஐக்குக் கீழே, அதாவது 2 பாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முனையை எதன்மேலாவது வைத்து முழுதாக அடைத்தாலும் அதற்குமேல் ஏறக்கூடாது என்பது இதன் பொருள். பக்கவாட்டில் துளை உள்ள பாதுகாப்பு முனைகள் இதற்காகவே வருகின்றன. என் கன்னுக்கும் அப்படி ஒன்று மாட்டி, ரெகுலேட்டரையும் 2 பாருக்குக் கீழே வைத்தேன். அதில் கன் நிமிடத்துக்கு 100 லிட்டர்கூட இழுப்பதில்லை. கம்ப்ரஸர் நிதானமாக நின்று நின்று ஓடியது, ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. சட்டையில் இருக்கும் தூளை இதால் ஊதும் பழக்கத்தையும் விட்டேன். காயத்தின் வழியாகவோ தோலைத் துளைத்தோ காற்று இரத்தத்துக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

லைட்டுகள் முதலில். மின் இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபியை இறக்கி, ட்யூப்பையும் மூடியையும் கழற்றிக் கீழே கொண்டுவந்தேன். பட்டியின்மேல் இருந்த மெத்தையை பிரஷ் முனை வைத்த வேக்குவத்தால் உறிஞ்சினேன். நான்கு லைட்டுகளில் மட்டும் வேக்குவம் டப்பா கால்வாசி நிரம்பியது. எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் இருக்கும் இடுக்கு, திருகு ஓரம், ஹோல்டர் துளை ஆகிய இடங்களுக்கு மட்டும் காற்று. என் தம்பி எதிர்ப்பக்கம் வேக்குவம் வாயைப் பிடித்துக்கொண்டான். நான் ஒரு சாண் தள்ளி வைத்து அந்த வாயை நோக்கியே ஊதினேன். தூள் எழும்பிய இடத்திலிருந்து நேராகக் குழாய்க்குள் போவது டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது.

அக்ரிலிக் மூடியில் காற்றே படவில்லை. முதல் முறை ஊதி, உலர்ந்த துணியால் பளபளவென்று தேய்த்ததால்தான் இரண்டே நாளில் படலம் திரும்பி வந்தது. உலர்ந்த துணி தேயத்தேய பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, பறக்கிற தூளையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். இந்த முறை ஒரு பக்கெட் தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, மெல்லிய துணியால் கழுவி, தேய்க்காமல் சாய்த்து வைத்துக் காயவிட்டேன். சேறு காய்ந்த புள்ளிகள் ஊறிய பிறகு சுலபமாக வந்துவிட்டன. முழுதும் காய்ந்த பிறகே மாட்டினேன். லக்ஸ்: 335. ஒரு லைட்டைக்கூட மாற்றவில்லை.

மெஷின்களில் பெரும்பாலும் பிரஷும் வேக்குவமும் போதுமானதாக இருந்தது. பிளேனரின் பல்சக்கரங்களில் கிரீஸோடு ஒட்டிய தூள் காற்றுக்கு அசையாது. மரக்குச்சியால் சுரண்டி, துணியால் துடைத்து, புது கிரீஸ் வைத்தேன். சுவிட்ச் பெட்டிகளுக்குள் கன்னைக் காட்டவே இல்லை. மோட்டாரில் நடந்தது அங்கேயும் நடக்கும். டிரில் மெஷினில் இரும்புச் சீவலும் கிடக்கும். அதை ஊதினால் ஊசி மாதிரி பறக்கும், அதனால் பிரஷும் காந்தமும். ரம்பமேசையின் சாய்வுத் தண்டின் மரைகள், ரம்பத்தை ஏற்றி இறக்கும் பல்சக்கரம் என்று கை நுழையாத மூன்று நான்கு இடங்களுக்குத்தான் காற்று உண்மையிலேயே தேவைப்பட்டது. ஃபேன் உள்ள இடத்தில் முதலில் ஃபேனைக் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஊதினேன்.

முதல் முறை எல்லாம் நாற்பது நிமிடத்தில் முடிந்திருந்தது. இரண்டாம் முறை மோட்டார் வேலை நீங்கலாக ஐந்து மணி நேரம், இரண்டு பேர்.

இனி மாதத்துக்கு ஒருமுறை லைட்டுமேல் பிரஷ் வேக்குவம் ஓட்டப்போகிறேன். தூள் ஒரு மி.மீ.கூடச் சேராவிட்டால் கன்னுக்கு வேலையே இருக்காது. கம்ப்ரஸர் வால்வை ஒவ்வொரு நாளும் வேலை முடித்ததும் திறப்பது, கெபாசிட்டரை மாற்றுவதற்கு முன்னால் அளப்பது, இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இந்த மோட்டார் ஒருநாள் போனால், முழுதும் மூடி வெளியே ஃபேன் வைத்த மோட்டாரைத்தான் வாங்குவேன். அதுவரை இதன் பிளவுகளுக்கு முன்னால் மெல்லிய வலை கட்டலாமா என்று யோசித்தேன். வலை அடைத்துக்கொண்டால் மோட்டார் சூடாகும் என்பதால் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ரம்பத்தின் அடியில் விழும் தூள் மோட்டார் பக்கம் போகாதபடி ஒரு ஒட்டுப்பலகைத் தடுப்பு வைத்தேன். 6 மி.மீ. பலகை, நான்கு திருகு.

நேற்று மோட்டார் ஓடிய பிறகு ஒரு பலகையை நீளவாக்கில் நாலு முறை அறுத்துப் பார்த்தேன். பிறகு அதே கறுப்பு அட்டையை அதே இடத்தில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். இன்று காலை விரலால் இழுத்துப் பார்த்தேன். கோடு விழுந்தது, ஆனால் அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிந்தது.